ஆய்வெழுத்தில் சான்று காட்டுதல்: ஓசூர் - கிருஷ்ணகிரி வட்டாரம்

ஆய்வெழுத்தில் சான்று காட்டுதல் என்பது, பிறரிடமிருந்து பெற்ற தரவு, சொல், கருத்து, படம் ஆகியவற்றை எங்கிருந்து பெற்றது என வாசகர் அறியும்படி குறிப்பிடும் முறை. கட்டுரை, ஆய்வேடு, திட்ட அறிக்கை, நூல் ஆகிய அனைத்துக்கும் இது பொருந்தும். அடிக்குறிப்பு, உடற்குறிப்பு, துணைநூற்பட்டியல் என இதன் வடிவங்கள் பல. முன்னோர் உழைப்புக்கு மதிப்பளிப்பதும், எழுதியவர் சொல்வது சரியா என்று மற்றவர் போய்ப் பார்க்க வழி விடுவதும் இதன் இரு நோக்கங்கள்.

கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூர் - கிருஷ்ணகிரி வட்டாரத்தை ஆய்பவர்களுக்கு இதில் சில தனிச் சிக்கல்கள் உள்ளன. இவ்வட்டாரத்தின் சான்றுகள் தமிழ், கன்னடம், தெலுங்கு, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் சிதறிக் கிடக்கின்றன. மாவட்டத்தின் பெயரே இருமுறை மாறியுள்ளது. கல் குவாரிகளும் தொழிற்பேட்டைகளும் வீட்டுமனைகளும் பெருகிய நிலத்தில் நடுகல், கற்திட்டை போன்ற மூலச் சான்றுகள் இடம்பெயரவும் அழியவும் வாய்ப்பு மிகுதி. கல் அழிந்தபின் மிஞ்சுவது அதைப் பற்றி எழுதப்பட்ட குறிப்பு மட்டுமே. அக்குறிப்பில் இடமும் நாளும் பார்த்தவர் பெயரும் இல்லையென்றால் அடுத்த ஆய்வாளருக்கு அது பயன்படாது.

தமிழ் மரபில்

மூலத்தைச் சுட்டும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியர் தம் இலக்கண விதிகள் பலவற்றைத் தமக்கு முந்தைய புலவர்களின் கூற்றாகவே தருகிறார். நன்னூல் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்துகிறது. இன்றைய ஆய்வுமுறையில் முதன்மைச் சான்று, இரண்டாம் நிலைச் சான்று என்று பிரிப்பது இதனோடு முழுதும் ஒன்றல்ல. ஆனால் ஒரு நூல் எதைச் சார்ந்து நிற்கிறது என்று கேட்கும் பழக்கம் இரண்டுக்கும் பொது.

உரையாசிரியர்கள் பிற நூல்களின் அடிகளை மேற்கோளாகக் காட்டினர். நூற்பெயர் சொல்லாமல் அடியை மட்டும் தருவதும் அவர்களிடம் உண்டு. கற்றவர் அனைவரும் அந்நூல்களை மனப்பாடமாக அறிந்திருந்த காலத்தில் அது போதுமானதாக இருந்தது. அச்சுக்காலத்தில் நிலைமை மாறியது. 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், தம் பதிப்புகளின் முன்னுரைகளில் ஏடு தந்தவர்களையும் அவர்கள் ஊரையும் பதிவு செய்தார். எந்த ஏட்டிலிருந்து எந்தப் பாடம் வந்தது என்று தேடுபவர்களுக்கு இன்றும் அம்முன்னுரைகளே வழிகாட்டி.

எதற்குச் சான்று தேவை

எழுதுபவர் தாமே கண்டதற்கும் அளந்ததற்கும் சான்று தேவையில்லை. எங்கு, எப்போது, எவ்வாறு கண்டார் என்ற விவரமே அங்கு சான்றாகும். பொது அறிவாக நிலைபெற்ற செய்திக்கும் தேவையில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் கர்நாடகத்தை ஒட்டியுள்ளது, இராஜாஜி ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்தார் என்பவை இவ்வகை.

பின்வருவனவற்றுக்குச் சான்று கட்டாயம்:

- பிறர் நூலிலிருந்து சொல் மாறாமல் எடுத்த பகுதி. இது மேற்கோள் குறிக்குள் வர வேண்டும்.
- பிறர் கருத்தைத் தம் சொல்லில் சுருக்கி எழுதியது.
- எண்கள், அட்டவணைகள், வரைபடங்கள், ஒளிப்படங்கள்.
- கல்வெட்டின் பாடம், அதன் காலக் கணிப்பு, அதற்குத் தரப்படும் விளக்கம்.
- ஊர்ப்பெயர் விளக்கம், மரபுக்கதை, வாய்மொழித் தகவல்.

ஓசூர் என்ற பெயர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கன்னடத்தில் 'ஹொச' என்றால் புதிய என்று பொருள். புதிய ஊர் என்பதே ஹொசூர் ஆயிற்று என்பது அவ்வட்டாரத்தில் பலரும் அறிந்தது. ஆனால் ஓசூர்ப் பகுதி இடைக்காலக் கல்வெட்டுகளில் செவிடபாடி என்று வழங்கியது என்று எழுதினால், அது எந்தக் கல்வெட்டு, எந்தத் தொகுதியில் எந்த எண் என்று சொல்ல வேண்டும். முதல் செய்தியை மொழியறிந்த எவரும் உறுதி செய்துகொள்ளலாம். இரண்டாவதை, கல்லையோ பதிப்பையோ பார்த்தால்தான் உறுதி செய்ய முடியும்.

மயிலாடும்பாறை: ஒரு எண் பயணித்த வழி

கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் வட்டத்தில் தொகரப்பள்ளிக்கு அருகே உள்ள தொல்லியல் இடம் மயிலாடும்பாறை. தொல்லியல் பேராசிரியர் கா. ராஜன் 2003-ல் இங்கு அகழாய்வு செய்தார். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2021-ல் மீண்டும் அகழ்ந்தது. இங்கு எடுத்த மாதிரிகள் அமெரிக்காவின் பீட்டா அனலிடிக் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன. 104 செ.மீ., 130 செ.மீ. ஆழங்களில் எடுத்த மாதிரிகளுக்கு முறையே கி.மு. 1615, கி.மு. 2172 என்ற காலங்கள் கிடைத்தன. இம்முடிவை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2022 மே 9 அன்று சட்டப்பேரவையில் அறிவித்தார். துறை அதே ஆண்டில் இது பற்றி ஒரு நூலும் வெளியிட்டது.

அறிவிப்புக்குப் பின் "4200 ஆண்டுப் பழமையான இரும்பு" என்ற தொடர் நாளிதழ்களிலும் மேடைகளிலும் பரவியது. ஆய்வுக் கட்டுரையில் இத்தொடரை அப்படியே எடுத்து எழுதினால் நான்கு விவரங்கள் விடுபடும்.

முதலாவது, 4200 என்பது சுருக்கிய எண். கி.மு. 2172 என்பதிலிருந்து 2022 வரை எண்ணிக் கிடைப்பதை முழுமைப்படுத்தியது. மூல அறிக்கையில் உள்ள எண் கி.மு. 2172.

இரண்டாவது, கி.மு. 2172 என்பதும் ஒற்றை ஆண்டன்று. கரிமக் காலக்கணிப்பு ஒரு கால வரம்பையே தரும். ஏ.எம்.எஸ். எனப்படும் முடுக்கி நிறைமாலை அளவீட்டு முறையில் கிடைத்த முடிவை அளவுத்திருத்தம் செய்து, கிடைத்த வரம்பின் நடு ஆண்டைக் குறிப்பது வழக்கம். அந்த நடு ஆண்டே கி.மு. 2172. வரம்பைச் சொல்லாமல் நடு ஆண்டை மட்டும் சொல்வது, இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டிவிடும்.

மூன்றாவது, கணிக்கப்பட்டது மண்ணடுக்கிலிருந்து எடுத்த மாதிரியின் காலம். அந்த மாதிரியும் இரும்புக்காலப் பொருட்களும் ஒரே காலத்தவை என்பது அடுக்குகளைப் பார்த்து அகழாய்வாளர் எடுத்த முடிவு. அளவீடு ஆய்வகத்தினுடையது, முடிவு அகழாய்வாளருடையது. இரண்டுக்கும் தனித்தனியே உரியவரைச் சுட்ட வேண்டும். பின்னர் ஒருவர் அடுக்கு விளக்கத்தை மறுத்தாலும் அளவீடு நிற்கும். அளவீடு மாறினாலும் அகழ்ந்த விவரம் நிற்கும்.

நான்காவது, சான்றுக்கும் காலம் உண்டு. 2022-ல் மயிலாடும்பாறைக் காலமே தமிழ்நாட்டு இரும்பின் முற்பட்ட காலமாகச் சொல்லப்பட்டது. 2025 ஜனவரி 23 அன்று வெளியான 'இரும்பின் தொன்மை' அறிக்கை, கா. ராஜன், இரா. சிவானந்தம் ஆகியோர் எழுதியது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் எடுத்த மாதிரிகளின் அடிப்படையில் அக்காலத்தை அது கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டுக்குக் கொண்டு சென்றது. எனவே "தமிழ்நாட்டின் மிகப் பழைய இரும்பு மயிலாடும்பாறையில் கிடைத்தது" என்று ஆண்டு குறிப்பிடாமல் இன்று எழுதுபவர், 2022-ன் செய்தியை இன்றைய செய்தியாகத் தருகிறார்.

இந்நான்கையும் கருத்தில் கொண்டால் வாக்கியம் இவ்வாறு அமையும்: "மயிலாடும்பாறையில் 130 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரிக்கு, ஏ.எம்.எஸ். முறையில் அளவுத்திருத்தம் செய்த நடு ஆண்டு கி.மு. 2172 என்று தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2022-ல் வெளியிட்டது; இதனைக் கொண்டு அங்கு இரும்புக்காலம் அக்காலத்தில் தொடங்கியதாகத் துறை கருதுகிறது." வாக்கியம் நீண்டாலும், யார் சொன்னது எவ்வளவு என்பது இதில் தெளிவாக இருக்கிறது. ஒருவருக்குத் தம் மாவட்டத்தின் பெருமை எவ்வளவு முக்கியமோ, அவ்வளவுக்கு இந்த வரையறைகளும் முக்கியம். மறுப்பவர் முதலில் தேடுவது விடுபட்ட இவ்விவரங்களையே.

கல்வெட்டு, நடுகல்

கிருஷ்ணகிரி மாவட்டம் நடுகற்கள் மிகுந்த பகுதி. மல்லசந்திரம் போன்ற இடங்களில் கற்திட்டைகளும் உள்ளன. ஒரு கல்வெட்டு வாசகரிடம் வந்து சேர்வதற்கு முன் பல கைகள் மாறுகிறது: கல், மைப்படி, பதிப்பித்த பாடம், ஆண்டறிக்கைச் சுருக்கம், ஆய்வாளரின் மேற்கோள், செய்தி. எழுதுபவர் இவற்றில் எதைப் பார்த்தாரோ அதையே சான்றாகக் காட்ட வேண்டும்.

இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டு ஆண்டறிக்கையில் பொதுவாக இருப்பது ஊர், இடம், அரசன், ஆட்சியாண்டு, சுருக்கமான பொருள் ஆகியவை. முழுப்பாடம் அதில் இராது. ஆண்டறிக்கையை மட்டும் படித்தவர் "கல்வெட்டு கூறுகிறது" என்று எழுதக்கூடாது. "ஆண்டறிக்கைச் சுருக்கத்தின்படி" என்று எழுத வேண்டும். சுருக்கியவர் முக்கியமல்ல என்று விட்ட ஒரு சொல், இன்றைய ஆய்வுக்கு முக்கியமானதாக இருக்கலாம்.

பாடத்தை மேற்கோள் காட்டும்போது பதிப்பாசிரியரின் குறியீடுகளை நீக்கக்கூடாது. சிதைந்த இடத்தைப் புள்ளிகளாலும், ஊகித்து நிரப்பிய எழுத்தைப் பகர அடைப்புக்குள்ளும் காட்டுவது பதிப்பு மரபு. தட்டச்சு செய்யும்போது அடைப்பை நீக்கிவிட்டால் பதிப்பாசிரியரின் ஊகம் கல்லில் உள்ள எழுத்தாக மாறிவிடும். அடுத்த கட்டுரையாளர் அதிலிருந்து எடுப்பார். அதற்கடுத்தவர் அவரிடமிருந்து எடுப்பார். கல்லில் இல்லாத பெயர் ஒன்று இவ்வாறு வரலாற்றில் இடம் பிடித்துவிட முடியும்.

ஆண்டு மாற்றத்திலும் கவனம் தேவை. சக ஆண்டோடு 78 கூட்டினால் ஏறத்தாழ கி.பி. ஆண்டு கிடைக்கும். சக ஆண்டு சித்திரையை ஒட்டித் தொடங்குவதால் ஆண்டின் இறுதி மாதங்களுக்கு 79 கூட்ட நேரும். ஆட்சியாண்டு மட்டும் உள்ள கல்வெட்டுக்குக் காலம் தருபவர் அவ்வரசன் ஆட்சிக்கு வந்த ஆண்டைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருப்பார். ஆகவே கல்வெட்டில் உள்ள ஆண்டையும் பதிப்பாசிரியர் கணித்த ஆண்டையும் தனித்தனியே தருவது நல்லது.

நடுகல்லைக் களத்தில் கண்டு எழுதுபவர் ஊர், வட்டம், நிற்கும் இடம், அளவு, கண்ட நாள், படமெடுத்தவர் ஆகியவற்றைப் பதிய வேண்டும். கல்லைக் காட்டிய ஊர்க்காரருக்கும் அதில் இடம் உண்டு. தலைமுறையாக அக்கல்லுக்குப் பூசை செய்து வருபவரிடம் கேட்டறிந்து, "ஆய்வாளரால் கண்டுபிடிக்கப்பட்டது" என்று மட்டும் எழுதுவதும் ஒரு வகையில் உரியவரை மறைப்பதே. அவர் விரும்பினால் பெயரும், விரும்பாவிட்டால் "ஊர்மக்கள் காட்டியது" என்ற குறிப்பும் இடம்பெறலாம். கல் பின்னர் அருங்காட்சியகத்துக்கு மாற்றப்பட்டால் பழைய இடமும் புதிய இடமும் இரண்டும் தேவை.

மாறிய மாவட்டப் பெயர்கள்

இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் முன்பு சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1965 அக்டோபர் 2-ல் தருமபுரி மாவட்டம் பிரிந்தபோது அதில் சேர்ந்தது. 2004 பிப்ரவரி 9-ல் தனி மாவட்டமாயிற்று. இதனால் ஒரே ஊர் மூன்று மாவட்டப் பெயர்களின் கீழ் நூல்களில் காணப்படுகிறது. 1883-ல் வந்த லெ ஃபானுவின் சேலம் மாவட்டக் கையேட்டிலும், 1918-ல் வந்த எஃப்.ஜே. ரிச்சர்ட்ஸின் சேலம் மாவட்ட விவரச்சுவடியிலும் ஓசூரைத் தேட வேண்டும். தமிழ்நாடு தொல்லியல் துறை 1970-களில் வெளியிட்ட தருமபுரிக் கல்வெட்டுத் தொகுப்பு, அன்றைய தருமபுரி மாவட்டத்துக்குரியது. கிருஷ்ணகிரி அப்போது அதன் பகுதி. மயிலாடும்பாறையில் முதல் அகழாய்வு நடந்த 2003-லும் அது தருமபுரி மாவட்டத்து ஊர்.

மேற்கோளில் நூலில் உள்ளபடி பழைய மாவட்டப் பெயரைத் தந்து, உடன் இன்றைய பெயரையும் சேர்ப்பது முறை. பழைய பெயரைத் திருத்தி இன்றைய பெயரை மட்டும் எழுதினால் வாசகர் அந்நூலில் அப்பக்கத்தைக் கண்டடைய முடியாது. மேலும், "தருமபுரி மாவட்டத்தின் மக்கள்தொகை" என்று 1991 கணக்கெடுப்பில் உள்ள எண்ணையும் 2011 கணக்கெடுப்பில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டு மக்கள்தொகை குறைந்துவிட்டது என்று முடிவு செய்யும் பிழையும் இக்கவனக்குறைவால் நேரும்.

வழிச் சான்று

ஒரு நூலில் எடுத்தாளப்பட்ட மற்றொரு நூலை, நேரில் பார்க்காமல் மேற்கோள் காட்டுவது வழிச் சான்று. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையால் பாரமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் அங்கு நில அளவையும் வரி விதிப்பும் செய்தனர். அக்காலப் பதிவுகள் பின்னர் பாரமகால் ஆவணங்கள் என அச்சாயின. பிற்காலக் கையேடுகள் இவ்வாவணங்களிலிருந்து எடுத்தாண்டன. இன்றைய கட்டுரைகள் பலவும் கையேடுகளிலிருந்து எடுத்தாள்கின்றன.

கையேட்டில் மட்டும் படித்தவர் துணைநூற்பட்டியலில் பாரமகால் ஆவணங்களைச் சேர்ப்பது தவறு. படிக்காத நூலைப் படித்ததாகக் காட்டுவது அது. "ரீட், லெ ஃபானு 1883-ல் எடுத்தாளப்பட்டபடி" என்று எழுதுவதே நேர்மை. கையேட்டில் எண் பிழையாக அச்சாகியிருந்தால், பிழை எந்த இடத்தில் நுழைந்தது என்பதை இக்குறிப்பு காட்டிக் கொடுக்கும்.

எல்லைக்கு அப்பால் உள்ள சான்றுகள்

13-ஆம் நூற்றாண்டில் ஹொய்சள அரசன் இராமநாதன் குந்தாணியைத் தலைநகராகக் கொண்டிருந்தான். குந்தாணி இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது. ஆனால் அவன் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் பல கர்நாடகத்தின் கோலார், பெங்களூர் பகுதிகளில் உள்ளன. அவற்றைப் பி.எல். ரைஸ் பதிப்பித்த 'எபிகிராபியா கர்நாடிகா' வரிசையின் ஒன்பதாம், பத்தாம் தொகுதிகளில் தேட வேண்டும். இத்தொகுதிகளில் கல்வெட்டுகள் வட்டவாரியாக எண்ணிடப்பட்டுள்ளன. எனவே தொகுதி, வட்டம், எண் ஆகிய மூன்றும் இருந்தால்தான் மேற்கோள் முழுமை பெறும். தொகுதிப் பக்க எண் மட்டும் போதாது, பதிப்புக்குப் பதிப்பு அது மாறும்.

கன்னட, தெலுங்கு, ஆங்கில நூல்களிலிருந்து தமிழில் தருபவர் மொழிபெயர்ப்பு யாருடையது என்று சொல்ல வேண்டும். "மொழிபெயர்ப்பு கட்டுரையாசிரியருடையது" என்ற ஒரு வரி போதும். ஓர் ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கித் தம் பெயரில் தருவது, சொல் எதுவும் ஒத்துப்போகாவிட்டாலும், எழுத்துத் திருட்டே.

தென்பெண்ணை ஆற்று மாசு பற்றிய ஆய்வுகளிலும் எல்லைச் சிக்கல் எழுகிறது. நந்தி மலைப் பகுதியில் தோன்றும் ஆறு, பெங்களூரின் புறநகர்களை ஒட்டி வந்து, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. கர்நாடகத்தில் இதற்குத் தட்சிண பினாகினி என்று பெயர். ஆங்கில நூல்களில் பொன்னையாறு என்றும் வரும். மூன்று பெயரிலும் தேடாதவருக்குப் பாதி ஆய்வுகள் கிடைக்கா. நீரின் தரத்தை இரு மாநிலங்களின் மாசுக்கட்டுப்பாட்டு வாரியங்களும் தனித்தனியே அளக்கின்றன. ஓர் எண்ணைத் தரும்போது அளந்த அமைப்பு, அளந்த இடம், மாதம், ஆண்டு ஆகியவை உடன் வர வேண்டும். கோடைக்கால அளவையும் மழைக்கால அளவையும் கலந்து எழுதினால், எந்த மாநிலத்தின் மீதும் எந்தக் குற்றத்தையும் சுமத்த முடியும்.

சொல் மாற்றமும் கருத்துச் சுருக்கமும்

மாணவர்களிடம் பரவலாக உள்ள தவறான எண்ணம், சில சொற்களை மாற்றினால் எழுத்து தமதாகிவிடும் என்பது. ஒரு நூலில் இவ்வாறு இருப்பதாகக் கொள்ளலாம்: "நகரக் கழிவுநீர் ஆற்றில் கலப்பதால் அணைக்கு வரும் நீரில் நுரை பொங்குகிறது, மழை தொடங்கும் நாட்களில் இது மிகுகிறது." இதனை "மாநகரச் சாக்கடை நதியில் சேர்வதால் அணைநீரில் நுரை எழுகிறது, மழைக்காலத் தொடக்கத்தில் இது அதிகரிக்கிறது" என்று எழுதினால் வாக்கியத்தின் எலும்புக்கூடு மூலத்துடையதே. சான்று காட்டினாலும் இது மேற்கோள் குறியின்றி எடுத்ததற்குச் சமம்.

முறையான சுருக்கம், மூலத்தை மூடிவைத்துவிட்டு அதன் வாதத்தைத் தம் கட்டுரையின் தேவைக்கேற்ப எழுதுவது: "நுரை ஆண்டு முழுதும் ஒரே அளவில் இருப்பதில்லை, முதல் மழையோடு கூடுவதை இந்நூல் கழிவுநீர்க் கலப்போடு தொடர்புபடுத்துகிறது." எழுதியபின் மூலத்தோடு ஒப்பிட்டு, பொருள் திரியவில்லை என்று உறுதி செய்து, சான்று சேர்க்க வேண்டும். மூலத்தின் சொல்லே முக்கியமானால் சுருக்காமல் மேற்கோள் குறிக்குள் அப்படியே தரலாம்.

தொழிற்சாலைத் தரவுகள்

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி அசோக் லேலண்ட், டி.வி.எஸ். மோட்டார், டைட்டன் முதலிய பெருநிறுவனங்களும், அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் சிறுதொழிற்கூடங்களும் உள்ளன. பொறியியல், வணிகவியல், மேலாண்மை மாணவர்களின் திட்ட அறிக்கைகள் பல இங்கு பெறும் பயிற்சியை அடிப்படையாகக் கொண்டவை. முந்தைய ஆண்டு மாணவரின் அறிக்கையை வாங்கி நிறுவனப் பெயரையும் ஆண்டையும் மாற்றிக் கொடுப்பது இவ்வகை அறிக்கைகளில் எங்கும் காணப்படும் பழக்கம். நேர்முகத் தேர்வில் ஓர் அட்டவணையின் எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் மாணவரால் விடை சொல்ல முடியாமல் போவது இதனால்தான்.

நிறுவனத் தரவுகளை மூவகையாகப் பிரிக்கலாம். ஆண்டறிக்கை, இணையதளம் போன்ற வெளியிட்ட தரவுகளுக்கு நூலைப் போலவே சான்று காட்டலாம். மேற்பார்வையாளர் அல்லது தொழிலாளர் நேரில் சொன்ன தகவலுக்கு நேர்காணல் நாள், இடம், அவர் பணி ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். பெயரை அவர் ஒப்புதலோடு மட்டுமே தரலாம். வேலைக்குப் பாதிப்பு வரும் என்று அஞ்சும் ஒப்பந்தத் தொழிலாளரின் பெயரை மறைப்பது ஆய்வு அறத்தில் அடங்கியது. நிறுவனத்தின் உட்தரவுகளை எழுத்து வழி அனுமதி பெற்றே பயன்படுத்த வேண்டும். மாணவர் தாமே பணிமனையில் நேரம் குறித்து எடுத்த அளவுகள் அவருடைய சொந்தத் தரவு; எத்தனை முறை, எந்தக் கருவியால் அளந்தார் என்பதே அதற்குச் சான்று.

விதிமுறைகள்

பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் கல்விசார் நேர்மைக்கும் எழுத்துத் திருட்டைத் தடுப்பதற்குமான ஒழுங்குமுறைகளை அறிவித்தது. ஆய்வேடுகளுக்கு அவை விதிக்கும் நிலைகள் வருமாறு:

- 10 விழுக்காடு வரை ஒப்புமை: தண்டனை இல்லை.
- 10-க்கு மேல் 40 விழுக்காடு வரை: ஆறு மாதத்துக்கு மிகாத காலத்துக்குள் திருத்தி மீண்டும் அளிக்க வேண்டும்.
- 40-க்கு மேல் 60 விழுக்காடு வரை: ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டை அளிக்கத் தடை.
- 60 விழுக்காட்டுக்கு மேல்: பதிவு ரத்து.

உரிய சான்றோடு தந்த மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை, பொதுக் கலைச்சொற்கள், சட்டங்கள், நிலைபெற்ற சமன்பாடுகள் ஆகியவை ஒப்புமைக் கணக்கில் சேரா. ஆய்வின் சுருக்கம், கருதுகோள், முடிவு, பரிந்துரை முதலியவை ஆய்வாளரின் சொந்த எழுத்தாக இருக்க வேண்டும். பொது அறிவு அல்லது தற்செயலாக ஒத்துப்போகும் 14 சொற்கள் வரையிலான தொடர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

இவ்வொழுங்குமுறைகள் முதுநிலை, ஆய்வு நிலைப் பட்டங்களுக்கான ஆய்வேடுகளையும் வெளியீடுகளையும் சார்ந்தவை. வகுப்பு ஒப்படைவுகளும் திட்ட அறிக்கைகளும் தேர்வு விடைத்தாள்களும் இவற்றின் வரம்பில் வரா. அவற்றுக்கு அந்தந்தக் கல்வி நிறுவனத்தின் விதிகள் பொருந்தும். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கலை, அறிவியல் கல்லூரிகள் பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் அடங்குபவை. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் 'சோத்கங்கா' களஞ்சியத்தில் வெளியிடப்படுவதால், முன்னர் நூலக அடுக்கில் இருந்த ஏட்டை இன்று யாரும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

ஒப்புமை விழுக்காடு எழுத்துத் திருட்டின் அளவன்று. மென்பொருள் ஒத்த சொற்றொடர்களையே காட்டும். சான்று காட்டாமல் எடுத்த கருத்தையோ, கன்னடத்திலிருந்து தமிழாக்கிய பத்தியையோ அது தவறவிடலாம். விழுக்காடு ஐந்து என்று வந்த ஏட்டிலும் மையக் கருத்து பிறருடையதாக இருக்கக்கூடும். அதைக் கண்டறிவது நெறியாளர், தேர்வாளர் ஆகியோரின் படிப்பைச் சார்ந்தது.

பதிப்புரிமையும் சான்றும்

இவ்விரண்டும் வேறு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகளுக்குப் பின் நூல் பொதுவுடைமை ஆகும். லெ ஃபானுவின் 1883-ஆம் ஆண்டுக் கையேட்டை யாரும் மறுபதிப்புச் செய்யலாம். ஆனால் அதன் பத்தியைத் தம் எழுத்தாகத் தர முடியாது. மறுபுறம், ஆய்வுக்காகவும் விமர்சனத்துக்காகவும் சிறு பகுதியை நியாயமான அளவில் எடுத்தாளச் சட்டம் இடம் தருகிறது. ஒருவரின் நூல் முழுவதையும் சான்று காட்டி நகலெடுத்து வெளியிட்டால் திருட்டுக் குற்றம் நீங்கலாம், உரிமை மீறல் நீங்காது.

பெயரும் எழுத்துக்கூட்டலும்

தமிழ்ப் பெயர்களில் முன்னெழுத்து தந்தை பெயரைக் குறிப்பது. அது குடும்பப் பெயரன்று. எனவே பட்டியலில் "ராஜன், கா." என்று இயற்பெயரை முதலில் வைத்து அகரவரிசைப்படுத்துவது வழக்கம். ஆங்கிலக் கட்டுரையில் அதே ஆசிரியர் வேறு முன்னெழுத்தோடு தோன்றலாம். இருவர் என்று மயங்கக்கூடாது. ஓசூர், ஒசூர், ஹோசூர் என்றும், கிருஷ்ணகிரி, கிருட்டிணகிரி என்றும் எழுத்துக்கூட்டல் வேறுபடும். நூல் தலைப்பில் உள்ளதை அப்படியே தந்து, கட்டுரையின் உடலில் ஒரே வடிவத்தைக் கையாள வேண்டும்.

இணையச் சான்றுகளும் செய்யறிவும்

இணையப் பக்கம் மாறவும் மறையவும் கூடியது. ஆசிரியர், தலைப்பு, வெளியான நாள், பார்த்த நாள் ஆகிய நான்கும் தேவை. கலைக்களஞ்சியக் கட்டுரைகளைத் தேடலின் தொடக்கமாகக் கொண்டு, அவை சுட்டும் மூலத்துக்குச் சென்று, மூலத்தையே சான்றாகக் காட்டுவது நல்லது. நடுகல் செய்திகளுக்கு நாளிதழ் மட்டுமே சான்றாக இருந்தால் இதழ், பதிப்பு நகரம், நாள் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும்; ஓசூர்ச் செய்தி சென்னைப் பதிப்பில் இல்லாமல் இருக்கலாம்.

செய்யறிவுச் செயலிகள் இல்லாத நூலுக்கு ஆசிரியர், ஆண்டு, பக்க எண் தந்து பட்டியல் உருவாக்கக்கூடும். அவை தரும் எந்தச் சான்றையும் நூலகத்திலோ களஞ்சியத்திலோ கண்ணால் பார்த்த பின்னரே சேர்க்க வேண்டும். குந்தாணிக் கல்வெட்டு என்று ஒரு செயலி தரும் எண், தொகுதியைத் திறந்து பார்க்கும்போது வேறோர் ஊரின் கல்வெட்டாக இருந்தால், அதைச் சேர்த்த ஆய்வாளரே அதற்குப் பொறுப்பு.